நோட்டில் ஓடும் இம்போர்ட் வரி பிரவுசரில் ஏன் எரர் தருகிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: நோட்டில், அதாவது பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில், லோடாஷ் என்ற தயார் ஃபங்ஷன்களின் பேக்கேஜை இம்போர்ட் செய்து ஒரு கோப்பு எழுதினீர்கள், ஓடியது. அதே கோப்பை எச்டிஎம்எல் பக்கத்தில் ஸ்கிரிப்ட் டேக்குக்குள் டைப் மாட்யூல் என்று கொடுத்து ஏற்றினால் முதல் வரியிலேயே எரர். குரோம், நோட் இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்குவது ஒரே வி8 இஞ்சின்தானே, பிறகு ஏன் இப்படி, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் பண்ட்லர் இல்லாமல் இதைச் செய்யவே முடியாதா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘லோடாஷ்’ என்ற வெறும் பெயருக்கு எந்தக் கோப்பு என்று முடிவு செய்வது யார் என்பது ஒன்று. அந்தக் கோப்பைக் கொண்டுவந்து சேர்க்க என்ன செலவாகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவது உங்கள் பக்கத்தையும் அதைப் பார்ப்பவர்களின் நெட்வொர்க்கையும் பொறுத்தது, அதில் என் அனுபவத்தை மட்டும்தான் சொல்ல முடியும்.

வி8 ஒன்றுதான் என்பது சரி, ஆனால் இந்த விஷயத்தில் வி8-க்கு வேலை ரொம்பக் குறைவு. 2015 ஜூனில் வந்த, ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இஎஸ்2015 தரத்தில்தான் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டும் மொழிக்குள் வந்தன. அந்தத் தரம் அந்த வரிகளை எப்படி எழுத வேண்டும், ஒரு மாட்யூலின் (இப்படி இம்போர்ட், எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பின்) பெயர் இன்னொன்றின் பெயரோடு எப்படி இணைய வேண்டும், எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் நுணுக்கமாகச் சொல்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் அந்தச் சரம் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்பதை மட்டும் இஞ்சினைச் சுற்றி இருக்கும் ஹோஸ்ட் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. நோட்டில் ஹோஸ்ட் என்பது நோட்டின் சொந்த லோடர். பிரவுசரில் எச்டிஎம்எல் தரம் வகுத்த விதி. இந்த இரண்டு ஹோஸ்ட்டும் இருக்கிற இடம் வேறு: ஒன்றின் கோப்புகள் அதே மெஷினின் டிஸ்கில் இருக்கின்றன, மற்றதன் கோப்புகள் நெட்வொர்க்கின் மறுமுனையில். நீங்கள் பார்க்கிற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இந்தத் தூரத்திலிருந்து வருபவைதான்.

நோட் வெறும் பெயரைப் பார்த்ததும், கோப்பு இருக்கும் ஃபோல்டரில் நோட்_மாட்யூல்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் ஒரு படி மேலே, அதிலும் இல்லையென்றால் இன்னும் மேலே என்று ரூட் வரை ஏறும். கிடைத்ததும் அதன் பேக்கேஜ்.ஜேசானைப் படித்து எந்தக் கோப்பை எடுப்பது என்று தெரிந்துகொள்ளும். மற்றக் கோப்புகளை ஏற்றும் நோட்டின் பழைய ரிக்வயர் முறையில் இதற்கு மேலும் தேடல் உண்டு. நீங்கள் எக்ஸ்டென்ஷன் எழுதாவிட்டால் .ஜேஎஸ் சேர்த்துப் பார்க்கும், .ஜேசான் சேர்த்துப் பார்க்கும், .நோட் சேர்த்துப் பார்க்கும், ஃபோல்டராக இருந்தால் உள்ளே இண்டெக்ஸ் கோப்பைத் தேடும். டிஸ்கில் இத்தனை முறை தேடினாலும் யாருக்கும் தெரியாது. பிரவுசர் இதே தேடலைச் செய்தால் ஒவ்வொரு ஊகமும் சர்வருக்குப் போய் ‘கோப்பு இல்லை’ என்ற 404 பதிலை வாங்கித் திரும்பும் ஒரு கோரிக்கை. அதனால் பிரவுசர் ஊகிப்பதே இல்லை. நீங்கள் தரும் சரம் முழு யூஆர்எல்லாக இருக்க வேண்டும், அல்லது ‘/’, ‘./’, ‘../’ இவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். வெறும் ‘லோடாஷ்’ இந்த இரண்டிலும் சேராது, ஆகவே நெட்வொர்க்குக்குப் போகாமலே எரர் வந்துவிடுகிறது. இது கவனக்குறைவும் அல்ல. வெறும் பெயர்களுக்குப் பின்னால் வேறொரு அர்த்தம் கொடுக்கும் வழி திறந்திருக்கட்டும் என்றே அவற்றை எரர் ஆக்கி வைத்தார்கள். அந்த வழி பிறகு வந்தது, கீழே சொல்கிறேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் உங்களுடைய அடுத்த எரர் வரலாற்றிலிருந்து வருகிறது. 2009-ல் ரயன் டால் நோட்டை வெளியிட்டபோது மொழிக்குள் மாட்யூலே கிடையாது. அதே ஆண்டு காமன்ஜேஎஸ் என்ற பெயரில், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கான ஒரு பொது ஏற்பாடு உருவாகிக்கொண்டிருந்தது, நோட் அதை எடுத்துக்கொண்டது. ரிக்வயர் என்பது மொழியின் சொல் அல்ல, சாதாரண ஃபங்ஷன். நோட் உங்கள் கோப்பு முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றி, எக்ஸ்போர்ட்ஸ், ரிக்வயர், மாட்யூல், கோப்பின் பெயர், ஃபோல்டரின் பெயர் என்று ஐந்து ஆர்கியுமென்ட்களைக் கொடுத்து அழைக்கிறது. ரிக்வயரை அழைத்தால் அந்த வரியிலேயே நின்று, கோப்பைப் படித்து, ஓட்டி, விடையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். சர்வர் தொடங்கும்போது ஒருமுறை நடக்கிற வேலை என்பதால் இதில் குறை ஒன்றும் இல்லை. பிரவுசரில் இப்படி ஒரு வரியில் நின்று நெட்வொர்க்குக்குக் காத்திருந்தால் பக்கமே உறைந்துவிடும், ஸ்க்ரோல்கூட ஆகாது. ரிக்வயர்ஜேஎஸ்ஸும் ஏஎம்டி என்ற முறையும் வந்தது இதனால்தான்: எனக்கு இன்னின்ன மாட்யூல் வேண்டும், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இந்த ஃபங்ஷனை அழை என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது.

ரிக்வயர் ஃபங்ஷனாக இருப்பதில் இன்னொரு சிக்கல், இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். அதை ஒரு இஃப்புக்குள் வைக்கலாம், இரண்டு சரங்களை ஒட்டி அழைக்கலாம். அப்படியானால் ஒரு கோப்புக்கு எந்தெந்தக் கோப்புகள் தேவை என்பது அதை ஓட்டிப் பார்க்காமல் முழுமையாகத் தெரியாது. இம்போர்ட் வரி அப்படி இல்லை. அது கோப்பின் மேல்மட்டத்தில்தான் இருக்க முடியும், சரம் நேரடியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கண்டிப்பை எரிச்சலாக நினைக்கிறவர்கள் உண்டு, ஆனால் பிரவுசரில் மாட்யூல் சாத்தியமானதே இதனால்தான். பிரவுசர் ஒரு கோப்பை இறக்கி, ஓட்டாமல் படித்து மட்டும் பார்த்து, அதன் இம்போர்ட்களைப் பட்டியலிட்டு, அவற்றை இறக்கி, மொத்த மரமும் கைக்கு வந்த பிறகு பெயர்களை இணைத்து, கடைசியில்தான் ஓட்டுகிறது. இறக்குவது, இணைப்பது, ஓட்டுவது என்று மூன்றும் தனித்தனி வேலை. ரிக்வயரில் இவை மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். நிபந்தனையோடு ஏற்ற வேண்டும் என்றால் அதற்கு இம்போர்ட்டை ஃபங்ஷன்போல அழைக்கும் வடிவம் இஎஸ்2020-ல் வந்துவிட்டது, அது ப்ராமிஸ் (பின்னால் வரப்போகும் விடையைக் குறிக்கும் மதிப்பு) தரும், இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

சரி, உங்கள் லோடாஷுக்கு வருவோம். பாதையை முழுதாக எழுதி, ‘./நோட்_மாட்யூல்ஸ்/லோடாஷ்/லோடாஷ்.ஜேஎஸ்’ என்று கொடுத்தால் முதல் எரர் போய் இரண்டாவது வரும்: இந்த மாட்யூலில் டிஃபால்ட் என்ற எக்ஸ்போர்ட் இல்லை என்று. காரணம், லோடாஷ் பேக்கேஜின் கோப்பு எக்ஸ்போர்ட் என்ற சொல் வருவதற்கு முந்தைய பாணியில் எழுதப்பட்டது. காமன்ஜேஎஸ் இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், ஏஎம்டி இருந்தால் அதில், எதுவும் இல்லையென்றால் குளோபலில் அடிக்கோடு என்ற பெயரில் போய் உட்காரும். நோட் இதைக் காமன்ஜேஎஸ் என்று அறிந்து, அதன் மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸை டிஃபால்ட் ஆக்கித் தருகிறது. பிரவுசருக்குக் காமன்ஜேஎஸ் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் அந்த உதவி அங்கே இல்லை. நோட்டின் உதவிக்கும் எல்லை உண்டு. நோட்டிலேயே லோடாஷிலிருந்து டிபவுன்ஸ் என்ற ஒரு ஃபங்ஷனை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதி இம்போர்ட் செய்து பாருங்கள், அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லும். ஏனென்றால் காமன்ஜேஎஸ் கோப்பை ஓட்டாமல், மேலோட்டமாகப் படித்தே அதன் எக்ஸ்போர்ட் பெயர்களை நோட் கண்டுபிடிக்க முயல்கிறது, லோடாஷ் எழுதப்பட்டிருக்கும் விதத்தில் அவை கண்ணில் படுவதில்லை.

இதற்கு மருந்து லோடாஷ்-இஎஸ் என்ற தனிப் பேக்கேஜ். அதே ஃபங்ஷன்கள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பில், உண்மையான எக்ஸ்போர்ட்களோடு. பிரவுசர் நேரடியாகப் படிக்கும். ஆனால் இப்போது மூன்றாவது சங்கதி தலைகாட்டும். முழுப் பேக்கேஜையும் இம்போர்ட் செய்தால் அதற்குள் 600-க்கும் மேற்பட்ட கோப்புகள், நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு ஏற்றினால் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். சரி, டிபவுன்ஸ் மட்டும் போதும் என்று அந்த ஒரு கோப்பை எடுத்தாலும் பத்துப் பதினைந்து கோப்புகள் வரும். எண்ணிக்கையைவிட ஆழம்தான் வலிக்கும். டிபவுன்ஸ் கோப்பு டூநம்பரைக் கேட்கிறது, டூநம்பர் இஸ்சிம்பலை, அது பேஸ்கெட்டேக்கை, அது கெட்ராடேக்கை. டிபவுன்ஸ் வந்து சேரும் வரை டூநம்பர் தேவை என்பது பிரவுசருக்குத் தெரியாது, டூநம்பர் வரும் வரை இஸ்சிம்பல் தெரியாது. ஆக ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பயணம். சர்வருக்குப் போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் ஒரு மொபைல் இணைப்பில் இதற்கே அரை செகண்ட், அதுவும் சில கிலோபைட் கோடுக்காக. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் புதிய பதிப்பான எச்டிடிபி/2 வந்ததால் பண்ட்லர் தேவையில்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே இணைப்பில் நூறு கோப்புகளைச் சேர்ந்தே அனுப்ப அது உதவும், ஆனால் நூறும் எவை என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே கேட்க முடியும்? அதைத் தெரியப்படுத்தத்தான் லிங்க் டேக்கில் மாட்யூல்ப்ரீலோட் இருக்கிறது. ஆழத்தில் இருக்கும் கோப்புகளைப் பக்கத்தின் தலையிலேயே எழுதிவிட்டால் படிக்கட்டு இறங்காமல் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். கையால் இந்தப் பட்டியலைப் பராமரிப்பது கஷ்டம், பெரிதாகிவிட்டால் ஒரு கருவியிடம் விடுங்கள்.

வெறும் பெயருக்கு வழி வந்தது என்றேனே, அதுதான் இம்போர்ட் மேப். பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் டேக், டைப் இம்போர்ட்மேப், உள்ளே ஒரு சிறு ஜேசான்: இந்தப் பெயர் வந்தால் இந்த யூஆர்எல். குரோமில் 2021-லும் ஃபயர்ஃபாக்ஸில் 2022 கடைசியிலும் சஃபாரியில் 2023-லும் வந்துவிட்டது, ஆகவே இன்று தயங்காமல் பயன்படுத்தலாம். பெயரின் முடிவில் சாய்கோடு வைத்தால் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் பொருந்தும். உங்களுக்கு நான் சொல்லும் வழி இது: லோடாஷை விட்டுவிட்டு லோடாஷ்-இஎஸ்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். கோப்பில் ‘லோடாஷ்-இஎஸ்/டிபவுன்ஸ்.ஜேஎஸ்’ என்று எக்ஸ்டென்ஷனோடு எழுதுங்கள். பக்கத்தில், மற்ற மாட்யூல் ஸ்கிரிப்ட்களுக்கு முன்னால், ‘லோடாஷ்-இஎஸ்/’ என்ற பெயரை அந்த ஃபோல்டர் உங்கள் சர்வரில் இருக்கும் பாதையோடு இணைக்கும் இம்போர்ட் மேப்பை வையுங்கள். இப்போது அதே வரி, ஓர் எழுத்துகூட மாறாமல், நோட்டிலும் ஓடும், பிரவுசரிலும் ஓடும். எக்ஸ்டென்ஷனை விடாதீர்கள், புதிய மாட்யூல் முறையில் நோட்டும் ஊகிப்பதை நிறுத்திவிட்டது. நோட்_மாட்யூல்ஸ் முழுவதையும் வெப் சர்வரில் திறந்துவிடவும் வேண்டாம், தேவையான ஃபோல்டரை மட்டும் பப்ளிக் இடத்துக்குக் காப்பி செய்யுங்கள்.

பண்ட்லர் வேண்டுமா என்றால், முடியாது என்பது தவறு, எப்போதும் வேண்டாம் என்பதும் தவறு. வி8 குழுவினரே ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்கள்: மொத்தம் 100 மாட்யூல்களுக்குக் குறைவு, ஆழம் ஐந்துக்கும் குறைவு என்றால் பண்ட்லர் இல்லாமலே சமாளிக்கலாம், அதற்கு மேல் சேர்த்துக் கட்டுவது நல்லது. என் அனுபவமும் இதற்கு அருகில்தான். அலுவலக உள் டூல், ஒரு டாஷ்போர்ட், சிறிய தளம் இவற்றுக்கு நான் பண்ட்லர் போடுவதில்லை, பில்டு ஸ்டெப் இல்லாத நிம்மதி பெரிது. பொதுமக்கள் போனில் பார்க்கும் தளம் என்றால் போடுகிறேன், அங்கே பயன்படாத எக்ஸ்போர்ட்களைக் கழித்துவிடும் வசதிக்காகவே அது மதிப்பு. வீட் போன்ற கருவிகள் டெவலப்மென்ட்டில் உங்கள் கோப்புகளை அப்படியே தனித்தனி மாட்யூலாகப் பிரவுசருக்கு அனுப்பி, வெளிப் பேக்கேஜ்களை மட்டும் முன்கூட்டியே ஒட்டிவைத்து, ப்ரொடக்‌ஷனுக்கு முழுதாகக் கட்டித் தருகின்றன. உங்கள் பக்கம் இந்தக் கோட்டின் எந்தப் புறம் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. குரோமின் நெட்வொர்க் டேபில் வேகத்தைக் குறைத்து வைத்து இரண்டு முறையிலும் ஏற்றி அளந்து பாருங்கள், என் கருத்தைவிட அது நம்பகமானது. ஆனால் பண்ட்லர் போடும் முன் ஒரு சிறு வேலையையாவது அது இல்லாமல் செய்துவிடுங்கள் என்று கற்றுக்கொள்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். பண்ட்லருக்குள் நோட்டின் விதி, பிரவுசரின் விதி, பண்ட்லரின் சொந்த விதி எல்லாம் கலந்துவிடும், எரர் வந்தால் யாருடைய எரர் என்றே தெரியாமல் தவிப்பார்கள்.

பிரவுசர் பக்கம் இன்னும் சில எரர்கள் காத்திருக்கின்றன, முன்பே சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் மாட்யூல் ஏறாது. மாட்யூல்களைப் பிரவுசர் கார்ஸ் விதிப்படிதான் (வேறு இடத்துக் கோப்பை இறக்க அனுமதி உண்டா என்று பார்க்கும் விதி) இறக்குகிறது, ஃபைல் முகவரிகளுக்கு அது ஒத்துவராது, ஒரு சிறிய லோக்கல் சர்வர் வேண்டும். அப்புறம், எதிர்பார்த்தது ஜாவாஸ்கிரிப்ட், வந்தது டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று மைம் டைப் (கோப்பு எந்த வகை என்று சர்வர் சொல்லும் குறிப்பு) பற்றி எரர் வந்தால் உடனே சர்வர் செட்டிங்கை நோண்ட ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலும் பாதையில்தான் பிழை இருக்கும். இல்லாத கோப்பைக் கேட்டால் 404 தராமல் இண்டெக்ஸ் பக்கத்தையே திருப்பி அனுப்பும்படி பல சர்வர்கள் அமைக்கப்பட்டிருக்கும், பிரவுசர் அந்த எச்டிஎம்எல்லை மாட்யூலாக ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பில் ஓடி லினக்ஸ் சர்வரில் மட்டும் ஓடவில்லை என்றால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, பிரவுசருக்கு ஒரு மாட்யூலின் அடையாளமே அதன் யூஆர்எல்தான். ஒரு இடத்தில் கேள்விக்குறி போட்டு வெர்ஷன் எண் சேர்த்தும் இன்னொரு இடத்தில் சேர்க்காமலும் ஒரே கோப்பை இம்போர்ட் செய்தால் அது இரண்டு முறை ஏறி, இரண்டு முறை ஓடும், உள்ளே இருக்கும் வேரியபிள்களும் இரண்டு செட்டாகிவிடும்.

நோட் பக்கத்திலும் குழப்பம் உண்டு, அது இப்போது குறைந்து வருகிறது. இம்போர்ட் வரி ஃபிளாக் (சோதனை வசதியை இயக்கத் தனியாகக் கொடுக்கும் சொல்) இல்லாமல் ஓடத் தொடங்கியதே 2019 கடைசியில் வந்த 13.2 பதிப்பில்தான். அப்போது கோப்பு .எம்ஜேஎஸ் என்று முடிய வேண்டும், அல்லது பேக்கேஜ்.ஜேசானில் டைப் மாட்யூல் என்று இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது; புதிய பதிப்புகள் இரண்டும் இல்லாவிட்டாலும் இம்போர்ட் வரியைப் பார்த்தே புரிந்துகொள்கின்றன. பழைய ரிக்வயரால் புதிய மாட்யூலை ஏற்ற முடியாது என்ற தடை பல வருடங்கள் எல்லோரையும் வாட்டியது. 22.12 பதிப்பிலிருந்து அது ஃபிளாக் இல்லாமலே முடிகிறது. ஒரே நிபந்தனை, அந்த மாட்யூலிலோ அது இம்போர்ட் செய்யும் எதிலோ மேல்மட்டத்தில் அவெய்ட் (ஒரு ப்ராமிஸின் விடைக்குக் காத்திருக்கும் சொல்) இருக்கக் கூடாது. நின்று வாங்கும் ரிக்வயரால் பின்னால் வரப்போகும் ஒன்றுக்குக் காத்திருக்க முடியாது என்பதால் எரர் தரும். பேக்கேஜ் எழுதி வெளியிடுபவர்கள் மேல்மட்ட அவெய்ட்டைத் தவிர்ப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ஒரே கோப்பை இரண்டு பக்கமும் ஓட்டப்போகிறீர்கள் என்பதால் சொல்லாமல் விட முடியாது. மாட்யூல் ஒருமுறைதான் ஓடும், அதன் மேல்மட்ட வேரியபிள்கள் அப்படியே நினைவில் இருக்கும். பிரவுசரில் அந்த ஆயுள் ஒரு டேபின் ஆயுள், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் எல்லாம் புதிது, உள்ளே ஒரே ஒரு பயனர். சர்வரில் அந்த ஆயுள் ப்ராசஸின் ஆயுள். நாள்கணக்கில் ஓடும், வருகிற அத்தனை பயனர்களுக்கும் அந்த ஒரே வேரியபிள்தான். பிரவுசருக்காக எழுதிய ஒரு கோப்பில் ‘இப்போது லாகின் செய்தவர்’ என்று மாட்யூல் மட்டத்தில் ஒரு லெட் வைத்திருந்து, பிறகு அதே கோப்பை சர்வரில் எச்டிஎம்எல் உருவாக்கப் பயன்படுத்தினால், ஒருவருடைய பெயரும் விவரங்களும் இன்னொருவரின் பக்கத்தில் போய் விழும். தனியாக டெஸ்ட் செய்யும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அப்போது நீங்கள் ஒருவர்தான் பயனர். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து, ஒன்று டேட்டாபேஸுக்குக் காத்திருக்கையில் மற்றது புகுந்தால்தான் வெடிக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஓடும் கோப்பில் மாட்யூல் மட்டத்தில் மாறாத மதிப்புகளையும் ஃபங்ஷன்களையும் மட்டும் வையுங்கள், பயனரைச் சார்ந்த எதையும் ஆர்கியுமென்ட்டாகக் கடத்துங்கள். அப்படிக் கடத்துவது ரொம்ப நீண்டுபோனால் சர்வர் பக்கத்தில் மட்டும் நோட்டின் ஏசிங்க்லோக்கல்ஸ்டோரேஜைப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது தனி இடம் தரும். பிரவுசரில் அது கிடையாது, ஆகவே அதைத் தொடும் வரிகளைப் பொதுக் கோப்பில் வைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்.